கழுத்துப் பட்டியில் மூன்றாவது பெயர்

செங்காங்கில் மணி இரண்டு.
மிதுராவின் வயிறு மட்டும் இன்னும் வியன்னாவில் இருக்கிறது.
அங்கே மாலை ஏழு, கஞ்சி நேரம்.
சுகந்தி கண் திறக்காமல்
"உங்க முறை" என்றாள்.

கூடத்தில் பெட்டி வாய்பிளந்து கிடக்கிறது, மூன்று நாளாக.
மேலே அந்த மஞ்சள் பனியுடை,
உள்ளே குழந்தை இல்லாமலே கைகளை விரித்தபடி.
ஹுவீ ஷான் அலுவலகத்தில் கொடுத்தது.
கழுத்துப் பட்டியில் அவள் மகன் பெயர், சீனத்தில், பாதி அழிந்து;
அதன்கீழ் அலீஷா, நீல மையில்.
மூன்றாவதாக நாங்கள் தமிழில் எழுதினோம்.
துணி மை குடித்து 'து' கொஞ்சம் வீங்கிவிட்டது.
இந்தத் தீவில் எவருக்கும் சொந்தமாகக் குளிர் இல்லை.
கைமாற்றாக வாங்கிப் போய்த்
துவைத்துத் திருப்பித் தருகிறோம்.

போகுமுன் அவளுக்குக் குளிர் பழக்கவென்று
பேரங்காடியின் உறைமீன் வரிசையில்
பத்து நிமிடம் நிறுத்திவைத்தேன்.
வஞ்சிர மீனைப் பார்த்துச் சிரித்தாள்.
அவ்வளவுதான் எங்கள் பயிற்சி.

என்ன பார்த்தீர்கள் என்று எல்லாரும் கேட்கிறார்கள்.
அரண்மனை பார்க்கவில்லை.
அரண்மனையில் அரைத்துணி மாற்றும் மேசையைப் பார்த்தோம்,
நல்ல மேசை.
ரயில் கழிப்பறையில் ஒரு முழங்கால் கதவில் முட்டுக்கொடுத்து
ஒன்பது அடுக்கு உடையைக் கழற்றி
ஒன்பதையும் மறுபடி மாட்டினோம்.
அதற்குள் ஒரு நாடு முடிந்துவிட்டது.
சால்ஸ்பர்க் நிறுத்தத்தில் யாரோ ஒரு பெண்மணி
நேராக வந்து மிதுராவின் தொப்பியைக் காதுவரை இழுத்துவிட்டுத்
திட்டினாள்.
திட்டு முழுதும் புரிந்தது,
மொழிதான் தெரியவில்லை.

புடாபெஸ்டில் முப்பத்தொன்பது டிகிரி காய்ச்சல்.
வெளியே கழித்தல் ஆறு.
பச்சைச் சிலுவை எரியும் மருந்துக் கடை தேடி
நான் பனியில் வழுக்கி வழுக்கி ஓடியதும்,
திரும்பி வந்தபின் ஈரத்துணியின் இருபுறமும் உட்கார்ந்து
இது யார் யோசனை என்று தாழ்ந்த குரலில்
நாங்கள் போட்ட சண்டையும்
படங்களில் இல்லை.
சுகந்தி வீட்டில் இன்னும் சொல்லவுமில்லை.

பிராகில் ஒரு பாலத்தில்தான் அது நடந்தது.
மிதுரா கொட்டாவி விட்டாள்.
வாயிலிருந்து வெள்ளையாக ஏதோ புறப்பட்டு
அவள் கண்முன்னே கரைந்தது.
திகைத்தாள். மறுபடி, "ஹா".
மறுபடி வந்தது.
அன்று மாலை முழுதும் ஹா, ஹா.
ஒன்பது மாத வாழ்வில் அவள் சம்பாதித்த முதல் சொத்து.

இப்போது தூங்க மாட்டாள்.
தள்ளுவண்டியில் வைத்துக் கீழ்த்தளத்துக்கு இறக்குகிறேன்.
சக்கரத்திலிருந்து பொடிக்கற்கள் உதிர்கின்றன,
வழுக்காமலிருக்க எந்த ஊர்த் தெருவிலோ தூவியவை.
டைல் தரையில் டக், டக்.
தூணோரம் துடைப்பத்தோடு நின்ற வங்காள இளைஞன்
கற்களைப் பார்க்கிறான், என்னைப் பார்க்கிறான்,
ஒன்றும் சொல்லாமல் கூட்டி அள்ளுகிறான்.

மிதுரா வாயைத் திறக்கிறாள்.
"ஹா."
ஒன்றுமில்லை.
புழுக்கம் மட்டும், நனைந்த துண்டு மாதிரி.
"ஹா."
பிறகு திரும்பி என்னைப் பார்க்கிறாள்,
நான்தான் எடுத்து ஒளித்துவைத்தேன் என்பதுபோல்.

மேலே வந்து
அடுக்களைத் தரையில் அவளை மடியில் வைத்துக்கொண்டு
உறைபெட்டியைத் திறந்தேன்.
நெத்திலிப் பொட்டலம், பட்டாணி, மாவு டப்பா.
நடுவிலிருந்து புகை வந்தது.
ஆனால் அது கீழே விழுகிற புகை.
அவளுடையது மேலே போனது.
கொஞ்ச நேரம் பார்த்தாள்,
முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.
ஏமாற்ற முடியாது இவளை.

பெட்டி பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது.
சுகந்தி எழுந்து வந்து நின்றாள், கலைந்த தலையோடு.
"மூடுங்க, மீன் உருகுது."
சொல்லிவிட்டு அவளே குனிந்தாள்.
மூடுமுன் ஒருமுறை
உள்ளே பார்த்து,
"ஹா."